மூதாதையரைப் பற்றிய வினா: ஜப்பானில் நற்செய்திப் பணி

ஜப்பானியரிடையே நற்செய்தி ஏன் விரைந்து பரவவில்லை என்னும் வினாவிற்குப் பலரும் பலவாறு விடை பகர்வர். பொருள் வளம் ஆன்மீக நாட்டத்தை மழுங்கச் செய்தது என்பர் சிலர். கிறிஸ்தவம் மேலைநாட்டுச் சமயம் என்னும் எண்ணமே தடை என்பர் வேறு சிலர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அந்நாட்டில் நற்செய்தி முதன்முதல் ஒலித்த காலத்திலேயே எழுந்த வினா ஒன்று உண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவரிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கினார். ஈராண்டிற்குச் சற்று மேலாக அங்குப் பணியாற்றித் திரும்பியபின், 1552 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், ஜப்பானிய விசுவாசிகளின் துயரொன்றைக் குறிப்பிடுகிறார். நற்செய்தியைக் கேளாது மாண்ட தம் பெற்றோரையும் முன்னோரையும் நரகத்தினின்று மீட்க வழியுண்டா என அவர்கள் வினவினர். வழியில்லை என்று அவர் உரைத்தபோது அழுதனர். அன்பர்கள் அழக் கண்டு தாமும் வருந்தியதை அவர் மறைக்கவில்லை.

இவ்வழுகையைப் பேதைமை எனத் தள்ளுதல் தகாது. ஜப்பானிய மரபில் குடும்பம் என்பது வாழ்வோரை மட்டும் குறிப்பதன்று; இறந்தோரும் அதன் உறுப்பினரே. 'புட்சுதான்' எனப்படும் வீட்டுப் பேழையில் முன்னோரின் பெயர் பொறித்த பலகைகள் வைக்கப்பெறும். கோடையில் வரும் 'ஓபோன்' நாள்களில் முன்னோர் இல்லம் திரும்புவதாகக் கருதி அவர்களை வரவேற்பர்.

இப்பிணைப்பை அரசும் இறுக்கியது. தொக்குகவா ஆட்சி 1614இல் கிறிஸ்தவத்தை நாடெங்கும் தடைசெய்தது. பின்னர், தான் கிறிஸ்தவக் குடும்பம் அன்று என்பதற்குச் சான்றாக ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த ஆலயத்தில் பதிவு பெறல் கட்டாயமாயிற்று. ஈமச்சடங்கும் கல்லறையும் அவ்வாலயத்தைச் சார்ந்தன. 1859இல் சீர்திருத்த சபைகளின் அருட்பணியாளர் வந்தனர்; 1873இல் தடையறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. எனினும் திருமுழுக்குப் பெறுதல் முன்னோரைக் கைவிடுதலே எனப் பலருக்குத் தோன்றிற்று. இன்றும் அங்குக் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே.

இவ்வினாவிற்கு நாம் கூறத்தக்கது யாது? 1 பேதுரு 3:19, 4:6 ஆகிய பகுதிகளைக் கொண்டு, இறந்தோர்க்கும் நற்செய்தி அறிவிக்கப்பட்டது எனக் கொள்வாருளர். அகுஸ்தீனோ, முதற்பகுதி நோவாவின் காலத்தில் வாழ்ந்தோர்க்குக் கிறிஸ்து ஆவியில் அறிவித்ததைக் குறிப்பதாகப் பொருள் கொண்டார். ஆகவே இப்பகுதிகளின்மீது உறுதியான கோட்பாடு ஒன்றை எழுப்புதல் அரிது. அதே வேளையில், முன்னோர் அனைவரும் அழிந்தனர் எனத் தீர்ப்புரைக்கும் அதிகாரமும் நமக்கு அளிக்கப்படவில்லை. உலகனைத்திற்கும் நியாயாதிபதியானவர் நீதி தவறார் என்னும் ஆபிரகாமின் நம்பிக்கை (ஆதி. 18:25) நமக்கும் உரியது. சிலுவையில் அறையுண்டவரே அந்நியாயாதிபதி. ஆதலின் முன்னோரை அவர் கரத்தில் ஒப்புவித்தல் அவர்களைக் கைவிடுதல் ஆகாது.

ஜப்பானியச் சபைகள் பல இதனைச் செயலிற் காட்டுகின்றன. சபைக்கெனப் பொதுக் கல்லறை அமைத்துள்ளன. நவம்பர் முதல் ஞாயிறன்று மரித்தோரை நினைவுகூரும் ஆராதனை நடத்துகின்றன. கிறிஸ்தவரல்லாத உறவினரும் அதற்கு வருவதுண்டு. இறந்தோரை வணங்காமலே அவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறலாம் என்பதை அவர்கள் அங்குக் காண்கின்றனர். பெற்றோரைக் கனப்படுத்தும் ஐந்தாம் கட்டளை முதற்கட்டளைக்குப் பகையன்று. முன்னோரைப் பற்றிக் கண்ணீரோடு வினவுவோர்க்கு இதனைப் பொறுமையுடன் விளக்குதல், நற்செய்தி அறிவிப்பின் பகுதியேயாம்.