பரலின் மேலும் நீர் தேங்கும்: உருகுநீர்ச் சமவெளியின் இருவாட்டி மண்

மாணவர்களே, பின்வரும் வினாவுக்கான விடையை உங்கள் கொப்பியில் எழுதிவிட்டு இப்பகுதியை வாசியுங்கள்.

"ஒரு நிலத்தில் 80 செ.மீ. ஆழம் வரை இருவாட்டி மண் காணப்படுகின்றது. அதன் கீழே மணலும் பரலும் உள்ளன. இந்நிலத்தின் நீர்வடிப்பு எத்தகையது?"

பெரும்பாலானோர் "மிக நன்று" என்றே எழுதுவர். இருவாட்டி மண் நீரை அளவாகப் பிடித்து எஞ்சியதைக் கீழே விடும். மணலும் பரலும் அந்நீரைத் தடையின்றிக் கடத்தும். ஆகவே நீர் தேங்க இடமில்லை என்பது அவர்களது நியாயம். நியாயம் பிழையன்று, ஆனால் விடை பிழை. தரப்பட்ட விபரங்களை மட்டும் வைத்து இவ்வினாவுக்கு விடை கூற முடியாது என்பதே சரி.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன், இந்தியானா மாநிலங்களில் 'செபீவா' எனப் பெயரிடப்பட்ட மண் தொடர் ஒன்று உண்டு. அதன் அமைப்பு மேலே கூறியது போன்றதே. மேலே இருவாட்டி, ஏறத்தாழ 50 முதல் 100 செ.மீ. ஆழத்துக்குள் மணலும் பரலும் தொடங்கிவிடும். ஆயினும் மண் ஆய்வாளர்கள் அதனை 'நீர்வடிப்புக் குறைந்த மண்' என்ற வகுப்பிலேயே சேர்த்துள்ளனர். இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் மண் அலகில் நீங்கள் அடிக்கடி புள்ளி இழக்கும் ஓர் இடம் தெளிவாகிவிடும்.

நீரை ஊடுபுகவிடலும் நீர்வடிப்பும் ஒன்றல்ல

நீர் மண்ணினூடாக எவ்வளவு விரைவாகச் செல்ல முடியும் என்பது ஊடுபுகவிடும் இயல்பு. இது மண்ணின் இழையமைப்பு, கட்டமைப்பு, துளைகளின் பருமன் ஆகியவற்றில் தங்கியுள்ளது. நீர்வடிப்பு என்பது வேறு. ஓர் இடத்தின் மண் ஆண்டில் எவ்வளவு காலம், எந்த ஆழம் வரை ஈரத்தால் நிரம்பியுள்ளது என்பதே அது. இது மண்ணில் மட்டுமன்றி நிலத்தின் உயரம், சாய்வு, நிலக்கீழ் நீர்மட்டம் ஆகியவற்றிலும் தங்கியுள்ளது.

வீட்டில் ஒரு பழைய பால்மாத் தகரம் இருந்தால் இதனைச் செய்து பாருங்கள். அடியில் ஆணியால் பல துளைகள் இடுங்கள். அரைவாசிக்குப் பரலும் அதன் மேல் தோட்டத்து மண்ணும் இட்டு நீரை ஊற்றுங்கள். நீர் சற்று நேரத்தில் அடியால் வடிந்துவிடும். பின்னர் அதே தகரத்தை, மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும் வரை நீர் நிரப்பிய வாளியினுள் வையுங்கள். மீண்டும் நீர் ஊற்றுங்கள். மண் சேறாகவே இருக்கும். பரல் மாறவில்லை, மண் மாறவில்லை, துளைகளும் அடைபடவில்லை. வடிந்து செல்லும் நீருக்குப் போவதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

செபீவா மண் அந்த வாளிக்குள் வைத்த தகரம். அது காணப்படும் நிலத்தின் சாய்வு 2 வீதத்துக்கு மேற்படுவதில்லை. அதுவும் சமவெளியின் தாழ்ந்த பகுதிகளிலேயே இம்மண் உள்ளது. சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் விழும் நீர், பரலினூடாகவே பக்கவாட்டில் நகர்ந்து இத்தாழ்வுகளை நோக்கி வருகின்றது. பரல் இங்கே நீரை வெளியேற்றவில்லை; நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றது.

மழை அதிகம் என்பதும் காரணமன்று. தென் மிச்சிகனில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 900 மி.மீ. மட்டுமே. நமது உலர் வலயத்தின் பெரும்பகுதி இதிலும் கூடிய மழையைப் பெறுகின்றது. ஆனால் அங்கு மாரிகாலத்தில் ஆவியாதல் மிகக் குறைவு. வசந்தம் தொடங்க உறைபனியும் உருகி நிலத்தில் இறங்குகின்றது. ஆகவே மாரியிலும் வசந்தத்திலும் நீர்மட்டம் மேற்பரப்புக்கு மிக அண்மையில் நிற்கும். கோடையில் பயிர்கள் நீரை உறிஞ்சத் தொடங்கிய பின்னரே அது இறங்கும்.

இச்சமவெளி எவ்வாறு உருவாகியது?

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவின் பெரும்பகுதியையும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியையும் லோரன்டைட் எனப்படும் பெரும் பனிக்கட்டி விரிப்பு மூடியிருந்தது. பனிக்கட்டி தான் நகர்ந்த வழியெங்கும் பாறைகளை உடைத்து, அரைத்து, இழுத்துவந்தது. காலநிலை வெப்பமடைய அதன் விளிம்பு உருகிப் பின்வாங்கியது.

பனிக்கட்டி நேரடியாக விட்டுச்சென்ற படிவில் பாறாங்கல்லும் களியும் ஒன்றாகக் கலந்திருக்கும். பனிக்கட்டிக்குத் தெரிவு செய்யத் தெரியாது. உருகிய நீருக்குத் தெரியும். விரைவாக ஓடும் நீர் பரலையும் சுமக்கும். வேகம் குறையும்போது முதலில் பரல், பின்னர் மணல், இறுதியில் அடையலும் களியும் படியும். இவ்வாறு உருகுநீர் பனிக்கட்டி விளிம்புக்கு வெளியே பரப்பிய தட்டையான நிலத்தையே உருகுநீர்ச் சமவெளி என்கின்றோம். தரம்பிரித்த, படைபடையான படிவு என்பதே இதன் அடையாளம். வினாத்தாளில் "பனிக்கட்டியாற்றுப் படிவுக்கும் உருகுநீர்ப் படிவுக்குமுள்ள வேறுபாடு" எனக் கேட்டால் இந்தத் தரம்பிரிப்பையே முதலில் எழுத வேண்டும்.

நீரோட்டம் வலுவாயிருந்த காலத்தில் மணலும் பரலும் படிந்தன. வேகம் தணிந்த பின்னர் அவற்றின் மேல் நுண்ணிய துணிக்கைகள் படிந்து இருவாட்டி மண்ணுக்கான மூலப்பொருளாயின. மணல், அடையல், களி ஆகிய மூன்றும் ஏறத்தாழ 40:40:20 என்ற விகிதத்தில் அமைவது இருவாட்டிக்கான பொது உதாரணம். களி 7 முதல் 27 வீதம் வரை இருக்கலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். களி 20 வீதம்தான் என அடித்துக் கூறுவது சரியன்று.

குழி வெட்டிப் பார்த்தால்

செபீவா மண்ணில் ஒரு மீற்றர் ஆழக் குழி வெட்டினால் பக்கப்பார்வை மூன்று பகுதிகளாகத் தெளிவாகத் தோன்றும். மேலே ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. தடிப்பான கரிய மேன்மண். அதன் கீழே களி சற்றுக் கூடிய சாம்பல் நிறப் படை. அதில் ஆங்காங்கே மஞ்சள், செம்மஞ்சள் புள்ளிகள். அடியில் சாம்பல் நிற மணலும் பரலும். பரலில் சுண்ணாம்புக்கற் துண்டுகள் கலந்திருப்பதால் அதன் மீது ஐதான அமிலம் இட்டால் நுரைக்கும். இதனால் மேன்மண்ணும் பெரும்பாலும் நடுநிலைக்கு அண்மியதாகவே உள்ளது.

கருமைக்கான காரணத்தைப் பார்ப்போம். வாயு மண்ணினுள் பரவுவது துளைகளிலுள்ள வளியினூடாகவே. ஒட்சிசன் நீரினூடாகப் பரவும் வேகம் வளியினூடாகப் பரவுவதிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. துளைகள் நீரால் நிரம்பியவுடன் எஞ்சியிருந்த ஒட்சிசனை வேர்களும் நுண்ணங்கிகளும் சில நாட்களிலேயே முடித்துவிடும். அதன் பின்னர் இறந்த இலை, வேர் முதலியன உக்குவது மிக மெதுவாகும். ஆண்டுதோறும் சேரும் சேதனப் பொருள், உக்கி அழிவதிலும் கூடுதலாயிருப்பதால் அது திரண்டு மண்ணைக் கறுப்பாக்குகின்றது. இம்மண்ணின் வளத்துக்கும் அதன் குறைபாட்டுக்கும் காரணம் ஒன்றே, அதாவது மிகையான நீர்.

சாம்பல் நிறம் இரும்பின் கதை. வளியூட்டமுள்ள மண்ணில் இரும்பு ஒட்சியேறிய பெரிக்கு நிலையில் இருக்கும். அது நீரிற் கரையாது. துணிக்கைகளைப் பூசி மண்ணுக்குச் சிவப்பு அல்லது கபில நிறத்தைத் தரும். ஒட்சிசன் இல்லாதபோது சில பற்றீரியாக்கள் இரும்பைப் பெரசு நிலைக்குத் தாழ்த்துகின்றன. பெரசு இரும்பு கரைந்து நகர்ந்துவிட, பூச்சு நீங்கிய கனியங்களின் சாம்பல் நிறமே எஞ்சுகின்றது. வேர்த்துளை, மண்புழுத்துளை வழியே சிறிது வளி நுழையும் இடங்களில் இரும்பு மீண்டும் ஒட்சியேறித் துருப்புள்ளியாகப் படியும். ஆகவே புள்ளிகள் தோன்றும் ஆழத்தைப் பார்த்து, நீர்மட்டம் எவ்வளவு உயரம் வரை ஏறி இறங்குகின்றது என மதிப்பிடலாம். குழி உலர்ந்திருக்கும் கோடைகாலத்திலும் மாரிகால நீர்மட்டத்தை மண் காட்டிக்கொடுத்துவிடும்.

இச்செயன்முறை நமக்குப் புதிதன்று. உலர் வலயத்தில் மேட்டு நிலத்திலே செங்கபில மண்ணும், அதே சரிவின் அடியிலுள்ள வயல்களில் சாம்பல் நிறக் கிளே மண்ணும் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நம் நாட்டில் பனிக்கட்டியாறு இருந்ததில்லை, மூலப்பாறையும் வேறு. ஆனால் தாழ்விலே நீர் நின்று இரும்பைத் தாழ்த்துவது இரு இடத்திலும் ஒன்றே.

நெல்லுக்கு ஆகும், சோளத்துக்கு ஆகாது

நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் வளிக்குழிகள் தொடராக அமைந்திருப்பதால் இலைகள் பெறும் ஒட்சிசன் வேர் வரை செல்லும். ஆகவே கிளே மண் வயலுக்கு ஏற்றது. மிச்சிகனில் பயிராவது சோளமும் சோயா அவரையும். அவற்றின் வேர்கள் நீர் நிரம்பிய மண்ணில் சில நாட்கள்கூடத் தாங்கா. மேலும் நீரின் தன்வெப்பக் கொள்ளளவு உலர்ந்த மண் கனியங்களினதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. எனவே ஈரமண் வசந்தத்தில் மெதுவாகவே சூடேறும், விதைப்பு பிந்தும், அங்கு பயிர்க்காலமோ குறுகியது. ஈரமான நிலத்தில் உழவு இயந்திரத்தை இறக்கினால் மண் இறுகிக் கட்டமைப்பும் கெடும்.

இதனால் நிலத்தின் கீழே குழாய் பதிக்கும் முறை வந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறிய ஜோன் ஜோன்ஸ்டன் என்னும் விவசாயி 1838 இல் நியூயோர்க் மாநிலத்தில் தமது காணியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்தார். அயலவர்கள் அவரை நகைத்தார்கள் என்றும் விளைச்சலைக் கண்டபின் தாமும் பதித்தார்கள் என்றும் கூறுவர். 1850 இல் ஐக்கிய அமெரிக்க அரசு சதுப்பு நிலங்களை வடிக்கச் செய்யும் நோக்குடன் அவற்றை மாநிலங்களுக்கு வழங்கும் சட்டத்தை விரிவாக்கியது. இன்று பதிக்கப்படுபவை துளையிட்ட பிளாத்திக்குக் குழாய்கள். பொதுவாக ஒரு மீற்றர் அளவு ஆழத்தில் இருக்கும். செபீவா மண்ணில் இவ்வேலை இலகுவன்று. மணற்படையை அடைந்ததும் அகழியின் சுவர் சரியும். நுண்மணல் குழாயினுள் புகுந்து அடைக்கும். தாழ்ந்த நிலமாதலால் குழாய் நீரை வெளியேற்றுவதற்கு ஏற்ற வாய்க்கால் கிடைப்பதும் சிரமம்.

ஒரு நுணுக்கத்தை இங்கே கவனியுங்கள். குழாய் பதித்து நூறு ஆண்டுகள் சென்ற பின்னரும் ஆய்வாளர்கள் இம்மண்ணை நீர்வடிப்புக் குறைந்தது என்றே குறிப்பர். வகுப்பு, மண் உருவான இயற்கை நிலையைக் குறிப்பது. சாம்பல் நிறமும் எளிதில் மறைவதில்லை.

வடித்த நீர் எங்கே செல்கின்றது?

அயல் மாநிலமான இலினோயில் 'ட்ரமர்' என்னும் உறவு மண் உண்டு. அங்கு காற்றாற் படிந்த அடையல் மேலேயும் உருகுநீர்ப் படிவு கீழேயும் உள்ளன. அதுவும் கரியது, நீர்வடிப்புக் குறைந்தது. 2001 இல் அம்மாநிலத்தின் மாநில மண்ணாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று அது உலகின் மிகச் சிறந்த சோள நிலங்களுள் ஒன்று. குழாய்கள் இல்லையேல் அப்பெயர் கிடைத்திராது.

ஆனால் குழாய் நீருடன் நைத்திரேற்றும் செல்கின்றது. முன்னர் நீர் நிரம்பிய மண்ணில், ஒட்சிசன் முடிந்ததும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைப் பயன்படுத்தி அதனை நைதரசன் வாயுவாக மாற்றிவந்தன. சோளத்துக்குத் தீங்கான அதே நிலைமை நீரைத் தூய்மையாக்கியது. குழாய் பதித்த பின்னர் நைத்திரேற்று அப்படையைத் தவிர்த்து நேரே வாய்க்காலுக்கும், மிசிசிப்பி ஆற்றுக்கும், மெக்சிக்கோ வளைகுடாவுக்கும் போய்ச்சேர்கின்றது. அங்கே அல்காக்கள் பெருகி இறந்து உக்கும்போது அடிநீரின் ஒட்சிசன் தீர்ந்து மீனினங்கள் வாழ முடியாத வலயம் கோடைதோறும் தோன்றுகின்றது. 2017 இல் அளவிடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 22,720 சதுர கி.மீ.; இலங்கையின் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கும் கூட. இதற்கு மண் மட்டும் காரணமன்று, அளவுக்கு மிஞ்சிய பசளையும் காரணம். குழாய் முனையில் தடுப்புப் பலகை வைத்து மாரியில் நீரை மறித்தல், அறுவடையின் பின் மூடுபயிர் இடல், வாய்க்கால் அருகே சிறு ஈரநிலங்களை மீள அமைத்தல் என்பன இப்போது கையாளப்படும் வழிகள்.

பயிற்சி

ஒரு சமவெளியில் அருகருகே இரண்டு குழிகள் வெட்டப்பட்டன. இரண்டிலும் இருவாட்டியின் கீழே மணலும் பரலும் உள்ளன. குழி அ: மண் 1 மீற்றர் வரை கபில நிறம், புள்ளிகள் இல்லை. குழி ஆ: மேன்மண் கறுப்பு, 30 செ.மீ. இன் கீழே சாம்பல் நிறம், துருப்புள்ளிகள் உண்டு.

1. எக்குழி தாழ்ந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கலாம்? இரண்டு காரணங்கள் தருக.
2. குழி ஆ கோடையில் வெட்டப்பட்டதால் அதில் நீர் காணப்படவில்லை. "எனவே இது நீர்வடிப்பு நன்கமைந்த மண்" என ஒரு மாணவர் எழுதினார். அவரது கூற்றை மறுத்து நான்கு வரிகள் எழுதுக.
3. குழி ஆ உள்ள நிலத்தில் சோளம் பயிரிடக் குழாய் பதிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின் மேன்மண்ணின் சேதனப் பொருளின் அளவுக்கு என்ன நிகழ்ந்திருக்கும்? ஒட்சிசனுடன் தொடர்புபடுத்தி விளக்குக.

மூன்றாம் வினாவுக்குக் குறிப்பு: கருமைக்கான காரணத்தை மீண்டும் ஒருமுறை வாசித்து, அதனை எதிர்த்திசையில் எழுதிப் பாருங்கள்.