மொட்டைமாடிக்கு எத்தனை அங்குலம்?

மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு ராத்திரி பத்து மணிக்கும் மின்விசிறி அனலைத்தான் இறைக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகு அதை வீட்டுக்குள் இறக்குகிறது. இதற்கு மருந்தென்று வெள்ளைப் பெயின்ட், தட்டோடு, தெர்மோகோல், ஃபால்ஸ் சீலிங் என ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போட்ட காசுக்கு எது அதிகம் உழைக்கும்?

மலிவு, வெள்ளைப் பூச்சு. வெறும் சிமென்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு ஐந்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். 2023-இல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்த தெலங்கானாவில், செலவு சதுர மீட்டருக்குச் சுமார் 300 ரூபாய் என்றார்கள். அந்தக் கணக்கில் பத்துக்குப் பத்து அறைக்கு மூவாயிரம்கூட ஆகாது. டெல்லியில் இப்படிப் பூசினால் குளிர்காலத்தில் நடுங்க வேண்டியிருக்கும்; நமக்கு அந்தக் கவலை இல்லை. தூசியும் பாசியும்தான் எதிரி. வெறும் சுண்ணாம்பு என்றால் ஓர் ஐப்பசி மழைக்குத் தாங்காது.

செங்கல் ஜல்லியில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்த அந்தக்காலத் தளத்தைப் பற்றிய பெருமிதம் பாதிதான் சரி. மூன்று அங்குலச் சுருக்கி சதுர மீட்டருக்கு 140 கிலோ கனக்கும். அது தடுக்கும் வெப்பமோ மூன்றில் ஒரு பங்குக்குள். நீர்க்கசிவைத் தடுப்பதும் வாட்டம் கொடுப்பதுமே அதன் முதல் வேலை.

தெர்மோகோல் விஷயம் வேறு. கான்கிரீட்டை விட நாற்பது மடங்குக்கும் மேல் வெப்பத்தை மறிக்கும் பொருள் அது. ஆறு அங்குலத் தளத்தின்மேல் ஒரே அங்குலம் விரித்தால், இறங்கும் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு நின்றுவிடும். வீடுகளுக்கான மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு எரிசக்தி விதி கூரைக்கு வைத்த வரம்புக்குள் வர அதுவே போதும். இரண்டாவது அங்குலத்துக்கும் கிட்டத்தட்ட அதே விலைதான். ஆனால் அது கூடுதலாகத் தடுப்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். கனமான பலகையை விற்க வருபவர் இதைச் சொல்வதில்லை. மழையில் நனையும் இடத்துக்குச் சாதாரண தெர்மோகோலைவிட, நீர் உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் பலகைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மிச்சமாகும் பணம் ஏசியைப் பொறுத்தது. ஏசி இல்லாத வீட்டில் லாபம் தூக்கம் மட்டுமே; வெள்ளைப் பூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு ஏசி ஓடும் வீட்டில் கதை மாறும். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவருக்குப் பலகைச் செலவு சீக்கிரம் திரும்பிவிடும்.

அடுக்குமாடியில்தான் சிக்கல். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. வெக்கை மேல்மாடிக்காரருக்கு மட்டும். சங்கம் சம்மதிக்காதபோது அவர் உள்ளே ஃபால்ஸ் சீலிங் அடிக்கிறார். அறை கொஞ்சம் குளிரும். தளமோ வெயிலில் வெந்து, விரிந்து, விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த விரிசலில் மழைநீர் இறங்கும்போது, செலவு யாருடையது என்று சங்கம் மறுபடியும் கூடும்.