கிளை முகாமையாளருக்குப் பயிற்சி: எங்கே தொடங்குவது?

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில் இருக்கிறது இலுப்பைக்கடவை. கடலும் வயலும் சேர்ந்து சோறு போடுகிற ஊர். இப்படியான ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையை நடத்தும் முகாமையாளர் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியவர். மேலே பணிப்பாளர் சபையும் கூட்டுறவுத் திணைக்களமும். கீழே விற்பனையாளர், காசாளர், கடன் கேட்டு வரும் அங்கத்தவர். 1957-இல் பலநோக்குச் சங்கங்கள் வந்தன. 1964 முதல் கிராமிய வங்கிகளும் சேர்ந்துகொண்டன. பொறுப்பு கூடிய அளவுக்கு இந்த நடுத்தட்டு ஆட்களுக்கான பயிற்சி கூடவில்லை என்பதே என் கவலை.

வழக்கமாக நடப்பது மூன்று நாள் செயலமர்வு. வளவாளர் வருவார், தலைமைத்துவம் பற்றிப் பேசுவார், சான்றிதழ் கிடைக்கும். நான்காம் நாள் கிளையில் எதுவும் மாறியிருக்காது.

முகாமையாளர் அண்மையில் எந்த முடிவில் தடுமாறினார் என்று பார்த்துத்தான் திட்டத்தைத் தொடங்க வேண்டும். இருப்புக் குறைந்தபோது விற்பனையாளரை எப்படி விசாரித்தார்? தவணை தவறிய அங்கத்தவரிடம் என்ன பேசினார்? உள்நாட்டுப் போரில் வள்ளமும் வலையும் இழந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் கரை இது. கடன் அறவிடும் பேச்சுக்கு இங்கே தனிப் பக்குவம் வேண்டும். அவரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். கணக்காய்வு அறிக்கையையும் பாருங்கள், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களையும் கேளுங்கள்.

பயிற்சியின் வடிவத்துக்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பாடத்தைப் பத்து மணித்தியாலத்தில் முடித்தார்கள்: இரண்டு மணித்தியாலப்படி ஐந்து அமர்வு. வந்தவர் தன் வேலைத்தளத்துச் சிக்கலையே கொண்டுவர வேண்டும். போருக்குப் பின் யப்பானும் இதை எடுத்துக்கொண்டது. நமக்கும் இது பொருந்தும். வாரம் ஒரு பிற்பகல் போதும். இடையில் கிளையில் செய்து பார்க்க ஒரு வேலை. காலபோக விதைப்பையும் அறுவடையையும் தவிர்த்து நாள் குறியுங்கள். பெண் ஊழியர் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேரும் நேரத்துக்கு முடியுங்கள்.

முதல் அமர்வுக்குச் சங்கத் தலைவர் வந்தே ஆக வேண்டும். எவ்வளவு ரூபாய் வரை முகாமையாளர் தானே முடிவெடுக்கலாம் என்பதை அன்றே எழுத்தில் கொடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் சபையின் கையொப்பம் தேவை என்றால், முடிவெடுக்கக் கற்றவர் அதை எங்கே பயன்படுத்துவார்?

பலனை அளக்க, பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய நான்கு கேள்விகள் உதவும். பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, சங்கத்துக்குப் பயன் வந்ததா? செயலமர்வின் முடிவில் நிரப்பும் படிவம் முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதை அறிய மூன்று மாதம் கழித்துக் கிளைக்கே போய்ப் பார்க்க வேண்டும். நாலாவதில் அவசரம் வேண்டாம். மீன்பாடு குறைந்த பருவத்தில் எவ்வளவு நல்ல முகாமையாளருக்கும் கடன் நிலுவை ஏறும். அதை வைத்துப் பயிற்சி தோற்றது என்று எழுதிவிடக் கூடாது. அந்த நிலுவைக்காரரை அவர் எப்போது சந்தித்தார், தவணையை எப்படி மாற்றி அமைத்தார் என்று பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.