காற்றுக்கு ஒரு வழிக் கதவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் வாழ இயலும். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ இயலாது. ஆயினும் உணவுக்கும் நீருக்கும் கவலைப்படும் நாம், வேலை செய்யும் இடத்தில் எத்தகைய காற்றை உள்ளிழுக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆலைச் சுவரில் மின்விசிறி ஒன்றைப் பொருத்திவிட்டால் தூசும் புகையும் வெப்பமும் தாமே வெளியேறிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. அந்த விசிறிக்கு வெளிப்புறம் இருக்கும் சிறு தகட்டுக் கதவைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலரே. ‘பேக் டிராஃப்ட் டாம்பர்’ எனவும், பேச்சு வழக்கில் ‘ஷட்டர்’ எனவும் அழைக்கப்படும் அக்கதவைப் பற்றி நான் அறிந்தவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதவு செய்யும் வேலை

விசிறி சுழலும்போது காற்று வெளியே தள்ளப்படுகிறது. விசிறி நின்றவுடன் அவ்விடம் வெறும் ஓட்டையாகிவிடுகிறது. வெளியே சென்ற தூசும் மழைச்சாரலும் அவ்வழியே திரும்பி வரும். இதைத் தடுக்கவே ஒன்றன் கீழ் ஒன்றாக மெல்லிய அலுமினியத் தகடுகள் கீலில் தொங்கவிடப்படுகின்றன. விசிறியின் காற்று அவற்றைத் தூக்கித் திறக்கிறது. காற்று நின்றதும் தம் எடையாலேயே அவை விழுந்து மூடிக்கொள்கின்றன. இதற்கு மோட்டாரும் வேண்டாம், மின்கம்பியும் வேண்டாம்.

இந்தத் தத்துவம் நமக்குப் புதிதன்று. கிணற்றுப் பம்புசெட்டின் அடியில் உள்ள புட்வால்வு, ஏறிய நீரைத் திரும்ப விடுவதில்லை. கொல்லன் பட்டறைத் துருத்தியின் தோல் மடல், காற்றை உள்ளே வாங்கும்; வந்த வழியே வெளியே விடாது. நம் இதயத்தின் வால்வுகளும் இரத்தத்தை ஒரே திசையில்தான் செல்ல விடுகின்றன.

இரண்டு விசிறிகள் உள்ள கூடத்தில் இக்கதவின் அருமை இன்னும் நன்கு விளங்கும். ஒன்று நின்று மற்றொன்று ஓடினால், ஓடும் விசிறி நின்ற விசிறியின் ஓட்டை வழியே வெளிக்காற்றை உறிஞ்சும். கூடத்தின் மூலையில் உள்ள தூசு அசையாமல் கிடக்க, பக்கத்து ஓட்டையில் வந்த காற்றே மீண்டும் வெளியேறிக்கொண்டிருக்கும். நின்ற விசிறியும் அக்காற்றால் தலைகீழாகச் சுழலும். அந்நிலையில் அதற்கு மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முதலில் எதிர்ச் சுழற்சியை நிறுத்திப் பிறகே நேர்ச் சுழற்சிக்கு வர வேண்டும். அதுவரை மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து சுருள் சூடாகும்.

கோலார் தரும் பாடம்

நம் திருவண்ணாமலை 1989 வரை வடாற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகக் கோலார் தங்க வயலுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே பணியைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படுவதற்குள், அது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியிருந்தது. அத்தகைய ஆழத்தில் பாறையே கொதிக்கும். அங்கே காற்றோட்டம் என்பது வசதியன்று, உயிர். சுரங்கங்களில் காற்று செல்ல வேண்டிய பாதையைக் காப்பவை கதவுகளே. ஒரு கதவு திறந்து கிடந்தால், நல்ல காற்று குறுக்கு வழியில் திரும்பிவிடும். கடைசியில் நின்று பாறை உடைப்பவனுக்குச் சென்று சேராது. ஆலைச் சுவரின் தகட்டுக் கதவும் சிறிய அளவில் இதே கடமையைத்தான் செய்கிறது.

எதிர்எடைக் கணக்கு

இக்கதவு எவ்வளவு சிறிய விசையில் இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல். தகட்டைத் தூக்கும் அழுத்தமோ பெரும்பாலும் 10 அல்லது 20 பாஸ்கல் அளவே. அதாவது ஓரிரு மில்லிமீட்டர் நீர்மட்டம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று சுவரில் மோதினால் அதுவும் சுமார் 15 பாஸ்கல் அழுத்தம் தரும். ஆகவே, கதவு இல்லாவிடில் ஐப்பசி கார்த்திகைக் காற்று சிறு விசிறியோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கும்.

60 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் ஒரு மி.மீ. தடிப்பும் கொண்ட அலுமினியத் தகட்டின் நிறை சுமார் 160 கிராம். மேல் விளிம்பில் கீல் இருந்தால், எடை மையம் 5 செ.மீ. தொலைவில் அமையும். தகடு முழுதும் திறந்து படுக்கையாக நிற்கும்போது அதன் திருப்புத்திறன் 160 × 5 = 800 கிராம்-செ.மீ. இதைக் காற்று மட்டுமே தாங்குவது கடினம். எனவே கீலுக்கு மறுபுறம் ஒரு சிறு தண்டில் எதிர்எடை கோக்கப்படுகிறது. 100 கிராம் எடையை 6 செ.மீ. தொலைவில் வைத்தால் 600 ஈடாகிவிடும். மீதி 200-ஐக் காற்று எளிதில் தூக்கும். காற்று நின்றால் அந்த 200 தகட்டை மூடும்.

அதே எடையை 8 செ.மீ.க்கு நகர்த்தினால் 800-க்கு 800 சமனாகித் தகடு நின்ற இடத்திலேயே நிற்கும், மூடாது. 2 செ.மீ.க்கு இழுத்தால் 600 மிஞ்சிப் பாதிதான் திறக்கும். இரண்டு செ.மீ. தூரத்தில் நல்ல கதவு பயனற்ற கதவாகிவிடுகிறது! ஏற்றத்தில் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்த நம் முன்னோர் காலால் அறிந்த கணக்கு இது.

இப்போது அத்தகட்டில் 40 கிராம் தூசு படிந்ததாகக் கொள்வோம். 40 × 5 = 200 கூடுதலாகி, மீதி 400 ஆகிறது. காற்றின் சுமை இரட்டிப்பாகிவிட்டது. தகடு சரியாகத் திறக்காததைக் கண்டு சிலர் எடையை வெளியே தள்ளி வைப்பார்கள். பின்பு என்றோ ஒரு நாள் தூசைத் துடைத்ததும் கதவு மூட மறுக்கும். ஆகவே முதலில் துடைக்க வேண்டும். பிறகே எடையைத் திருத்த வேண்டும்.

என் தந்தையார் நம் மாவட்டத்து அரிசி ஆலையொன்றில் இருபது ஆண்டுகளாக மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவ்வாலையின் ஷட்டர் தடதடக்கிறது என்று அதை யாரோ கம்பியால் கட்டித் திறந்தே வைத்திருந்தனர். விசிறி நின்ற நேரமெல்லாம் தவிட்டுத் தூசும் உமிச் சாம்பலும் அவ்வழியே உள்ளே வந்தன. இந்தக் கணக்கைத் தந்தையாரிடம் சொன்னபோது, “மூட்டை தூக்குறவனுக்குத் தெரியாதாப்பா? ஈரம் ஏறுனா அதே மூட்டைதான் முதுகை ஒடிக்கும்” என்றார். விடுமுறை நாளில் ஆலையின் மின்பணியாளர் கம்பியை அவிழ்த்துத் தூசைச் சுரண்டியபோது ஒரு முறம் நிறைந்தது. தடதடப்பும் நின்றது. தந்தையாரின் இருமல் அதனால் நின்றது என்று கூறத் துணியேன். இருபது ஆண்டுத் தூசு ஒரே நாளில் போகுமா?

பராமரிக்கும் முறை

1. முதலில் மின்சாரத்தை நிறுத்தி, பியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொருவர் அறியாமல் சுவிட்சைப் போட்டால் விரல் போய்விடும்.

2. தகடுகளையும் கீல்களையும், தகடுகளை இணைக்கும் தண்டையும் தூரிகையால் துடைத்து உலர்த்த வேண்டும். கிரீஸ் தடவக் கூடாது. அது தூசைப் பிடித்துக் களியாக்கும். தேவைப்படின் கிராஃபைட் தூள் இடலாம்.

3. சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளக்க வேண்டும். அவை சமமாக இல்லாவிடில் சட்டம் கோணியுள்ளது, தகடு உரசும்.

4. ஒவ்வொரு தகட்டையும் விரலால் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். தயங்காமல் விழுந்து மூட வேண்டும். விளிம்பிலுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

5. எதிர்எடையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, விசிறி ஓடும்போது முழுதும் திறப்பதையும் நின்றபின் முழுதும் மூடுவதையும் உறுதி செய்து திருகை இறுக்க வேண்டும்.

6. இறுதியாக, மூடிய கதவருகே ஊதுவத்தி ஒன்றைக் காட்டினால் புகை வளையும் இடத்தில் கசிவு தெரியும். தீப்பற்றும் தூசோ ஆவியோ உள்ள இடத்தில் இச்சோதனை கூடவே கூடாது.

தொழிலாளர் மூச்சைக் காப்பது கருணை மட்டுமன்று, கடமையுமாகும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 13-ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும் 14-ஆம் பிரிவில் தூசு, புகையையும் பற்றி விதித்தது. சட்டம் ஏட்டில் எழுதியதைச் செயலில் காட்டுபவை இத்தகைய சிறு கருவிகளே. மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் மேற்பார்வையாளராக ஆலைக்குள் நுழையக்கூடும். எந்திரங்களைப் பார்க்கும் முன் ஒரு முறை சுவரை அண்ணாந்து பாருங்கள். விசிறி நின்ற பின்னும் அத்தகடுகள் திறந்திருந்தால், அங்கே யாரோ ஒருவர் தேவையில்லாத தூசைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.