வெளியூர்க்காரருக்கு மட்டும் கட்டணமா?

"அவனுக்கு இலவசம், எனக்கு மட்டும் காசா?" என்று டிக்கெட் கவுண்டரில் யாருக்கும் கோபம் வரும்.

அமெரிக்காவில் ஹவாய் மாநிலத்தில் டயமண்ட் ஹெட் என்றொரு பழைய எரிமலை, மாநில அரசின் பூங்காவாக இருக்கிறது. ஹவாய் அடையாள அட்டை காட்டினால் நுழைவு இலவசம். வெளியிலிருந்து வருபவருக்கு ஆளுக்கு 5 டாலர். கூட்டம் தாங்காமல், 2022 மே மாதம் முதல் அவர்களுக்கு முன்பதிவும் கட்டாயம்.

ஓரவஞ்சனையா? இல்லை. அங்கே குடியிருப்பவர் வருஷம் பூரா வரி கட்டுகிறார். வந்து போகிறவர் வாசலில் கட்டுகிறார்.

மிசூரி மாநிலம் வேறு வழியில் போனது. 1984-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, 1,000 டாலர் விற்பனைக்கு 1 டாலர் வரி என்று ஏற்றுக்கொண்டார்கள். அது பூங்காவுக்கும் மண் பாதுகாப்புக்கும் போகிறது. மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் யாருக்குமே கிடையாது. வெளியூர்க்காரர் கடையில் ஒரு பனியன் வாங்கினாலும் அவர் பங்கு சேர்ந்துவிடும்.

எங்கப்பா கொத்தனார். பத்து வருஷமாகப் பெங்களூரில் வேலை. சோப்பு முதல் செருப்பு வரை வாங்குவதும் வரி கொடுப்பதும் அங்கேதான். கையில் இருப்பதோ நம்ம ஊர் ரேஷன் கார்டு. அட்டை கேட்கும் வாசலில் அவர் வெளியூர்க்காரர். மிசூரி கணக்கில் அவரும் ஊர்க்காரர். என் ஓட்டு மிசூரிக்கே. உங்கள் ஓட்டு?