பெரிய இன்ரர்கூலர் வேண்டுமா?

சைக்கிள் ரயருக்குக் கைப்பம்பினால் காற்றடித்தவர்கள் எல்லோரும் ஓர் உண்மையைக் கையாலேயே அறிந்திருப்பர். இருபது முறை அழுத்துவதற்குள் பம்பின் அடிப்பாகம் சுடத் தொடங்கிவிடும். உராய்வு அதற்கு ஒரு சிறு காரணம். காற்றை நெருக்கினால் அது சூடேறும் என்பதே பெரிய காரணம். இந்த எளிய உண்மையை மறந்தமையால் எமது பழைய மாணவர் ஒருவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தை வீணாக்க இருந்தார்.

ஒரு ஞாயிறு மாலை அவர் உரும்பிராயில் உள்ள எமது இல்லத்துக்குத் தமது சிறிய காரில் வந்திறங்கினார். இலங்கையில் காருக்குரிய வரி என்ஜினின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படுவதால், சுசுகி ஸ்விஃப்ட் ஆர்.எஸ்.ரி. போன்ற, 1,000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட ரேர்போக் கார்கள் இங்கே விரும்பப்படுகின்றன. அவருடையதும் அவ்வகையானதே.

"சேர், முந்திய இழுவை இப்போது இல்லை. பெரிய இன்ரர்கூலர் ஒன்று பூட்டினால் கார் பறக்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். காசும் ஆயத்தம்" என்றார்.

நாம் முன் ரயர்களைப் பார்த்தோம். வரிகள் ஏறக்குறைய அழிந்திருந்தன. "ரயருக்கு வைத்த காசா, தம்பி?" என்று வினவினோம். அவர் மறுக்கவில்லை. அடுத்த மாதம் தாயாரைக் கொழும்பு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்றும், அதற்குமுன் வேலையை முடித்துவிட எண்ணுவதாகவும் சொன்னார். எமக்குச் சற்றுக் கவலை உண்டாயிற்று.

ரேர்போ என்பது யாது? என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை நெருக்கி என்ஜினுக்குள் செலுத்துகிறது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாய் எரியும். சிறிய என்ஜின் பெரிய என்ஜினின் வேலையைச் செய்யும்.

ஆனால் சைக்கிள் பம்பின் கதை இங்கும் உண்டு. எமது ஊரின் 32 பாகைக் காற்றை வளிமண்டல அமுக்கத்தின் 1.8 மடங்குக்கு நெருக்கினால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 110 பாகைக்கு உயர்ந்துவிடும். சூடான காற்று ஐதானது. அதில் ஒட்சிசன் குறைவு. அன்றியும், அச்சூட்டினால் எரிபொருள் உரிய முறையில் எரியாது வெடித்து என்ஜின் 'தட்ட'த் தொடங்கும். தட்டல் நீடித்தால் பிஸ்ரன் பழுதாகும்.

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெற்ஃபயர் என்னும் ரேர்போக் காரில் இன்ரர்கூலர் இல்லை. தட்டலைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை என்ஜினுள் தெளித்தார்கள். சொந்தக்காரர் பலர் அத்திரவத்தை நிரப்ப மறந்தனர். 1963உடன் அக்காரின் உற்பத்தி நின்றது.

தட்டல் என்பது குடாநாட்டவருக்குப் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எமது பழைய ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை முதியோர் நினைவுகூர்வர். மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் எரிபொருள். நெருக்கம் குறைந்த பழைய என்ஜின்கள் ஆதலால் அவை அதைப் பொறுத்துக்கொண்டன. இன்றைய ரேர்போ என்ஜின் பொறுக்காது.

ஆகவேதான் இன்ரர்கூலர் தேவைப்படுகிறது. நெருக்கப்பட்ட காற்று மெல்லிய அலுமினியக் குழாய்களின் வழியே செல்லும்போது, காரின் முகப்பில் மோதும் வெளிக்காற்று அதன் சூட்டைக் கவர்ந்துவிடும். பெரும்பாலான கார்களில் இம்முறையே உண்டு. வொக்ஸ்வாகனின் சில சிறிய ரி.எஸ்.ஐ. என்ஜின்களிலோ, நீரினாற் குளிரும் இன்ரர்கூலர் என்ஜினின் காற்றுக் குழாயோடு இணைந்தே இருக்கும். வாங்குவதற்குமுன் எமது கார் எவ்வகை என்று அறிதல் முதற்கடமை.

இனிச் சிறு கணக்கொன்று பார்ப்போம். தொழிற்சாலை தந்த இன்ரர்கூலர், ஏறிய சூட்டில் நூற்றுக்கு 70 பங்கை நீக்குவதாகக் கொள்வோம். 110 பாகைக் காற்று 55 பாகையாகக் குறையும். பெரியது 80 பங்கை நீக்கினால் 48 பாகையாகும். இந்த 7 பாகை வேறுபாட்டினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மட்டுமே கூடும். ஆனால் பெரிய பெட்டியின் உட்புறம் சரியாக அமையாமல், காற்றின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் இருபதில் ஒரு பங்கு மேலதிகமாகக் குறைந்தால், நட்டம் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று. வந்த இலாபம் வந்த வழியே போய்விடும்! அந்த நட்டத்தை ஈடுசெய்ய ரேர்போ இன்னும் வேகமாய்ச் சுழன்று, காற்றை மேலும் சூடாக்கும்.

இன்னொன்றும் உண்டு. முகப்பில் பெரிய பெட்டி நின்றால், பின்னாலுள்ள றேடியேற்றருக்கும் குளிரூட்டியின் கண்டென்சருக்கும் காற்று குறையும். சித்திரை வெயிலில் இதன் பலனைப் பயணிகளே அனுபவிப்பர்.

இவற்றைச் சொல்லியபின், "வாங்குமுன் அளந்து பார்ப்போம்" என்றோம். காரின் சொருகியிற் பொருத்தி, உள்ளே செல்லும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியிற் காட்டும் சிறு கருவி ஒன்றை அவர் நண்பரிடம் வாங்கி வந்தார். அந்த உணரி இன்ரர்கூலருக்குப் பின்னால் உள்ளதா என்று முதலில் உறுதிசெய்தோம். முன்னால் இருந்தால் அதன் கணக்கு எமக்குப் பயன்படாது. பின்னர் கோப்பாய், கைதடி வழியாக ஏ9 வீதியில் ஏறி ஆனையிறவு வரை சென்றோம். சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் வேகத்தில், உட்செல்லும் காற்று வெளிக்காற்றிலும் பத்துப் பாகைக்குள்தான் கூடியிருந்தது. யாழ்ப்பாண நகர நெரிசலில் நின்றபோது ஏறிய சூடு, கார் நகர்ந்ததும் தணிந்தது.

அப்படியானால் இழுவை குறைந்தது ஏன்? வீடு திரும்பி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தோம். இன்ரர்கூலரின் தகடுகளுக்கிடையே எமது செம்மண் தூசியும் பூச்சிகளும் அடைத்திருந்தன. ஒரு குழாயின் பட்டி தளர்ந்து, பொருத்தைச் சுற்றி எண்ணெய்ப் படலம் தெரிந்தது. நெருக்கிய காற்று அவ்வழியே தப்பிக்கொண்டிருந்தது. புதிய பட்டி பூட்டி, தகடுகள் வளையாதபடி மெல்லிய நீர்த்தாரையாற் கழுவியதும் பழைய இழுவை திரும்பிற்று. செலவு சில நூறு ரூபாய்.

பெரிய இன்ரர்கூலர் எவருக்கும் வேண்டாம் என்பது எமது வாதமன்று. பந்தயத் திடலில் ஓட்டுபவருக்கும், என்ஜினின் கணினியைத் திருத்தி அமுக்கத்தைக் கூட்டியவருக்கும் அது அவசியமே. அவர்கள் வாங்கும்போது வெளித்தோற்றத்தின் அளவை மட்டும் பாராது, உள்ளே ஏற்படும் அமுக்க இழப்பு எவ்வளவு என்று கேட்கவேண்டும். குழாயும் மெல்லிய தகடும் கொண்ட வகை இலேசானது, விரைவிற் குளிரும். பாளமும் தட்டும் அடுக்கிய வகை பாரமானது, உறுதியானது. திடீரென வரும் சூட்டை அதிகநேரம் தாங்கும், ஆனால் ஏறிய சூடு தணியவும் நேரமெடுக்கும். வெட்டாமல், ஒட்டாமல் காரின் பழைய துளைகளிலேயே பொருந்துவது நல்லது.

மாணவர் அந்தக் காசுக்கு நான்கு ரயர்களும் மாற்றிக்கொண்டார். கொழும்பு சேர்ந்த அன்றிரவு தொலைபேசியில் அழைத்தார். "வவுனியாவுக்கு அப்பால் பெருமழை, சேர். முன்னே போன வான் ஒன்று வழுக்கி ஓரத்தில் இறங்கிவிட்டது. நாம் நிதானமாய் வந்து சேர்ந்தோம். அம்மா வழியெல்லாம் நித்திரை" என்றார்.