அழைத்தவர் வீட்டில் அயலார் படை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது முதுமொழி. அயல்நாட்டுப் படை இவ்விதிக்கு அடங்குவதில்லை. லெபனான் இதற்குத் தக்க சான்று.

மரோனியக் கிறித்தவர், சுன்னி முஸ்லிம், ஷியா முஸ்லிம், துரூசியர் எனப் பல பிரிவினர் வாழும் சிறு நாடு அது. 1943இல் விடுதலை பெற்றபோது, குடியரசுத் தலைவர் மரோனியர், தலைமை அமைச்சர் சுன்னி, பாராளுமன்றத் தலைவர் ஷியா என உடன்பாடு செய்துகொண்டனர். பாராளுமன்றத்தில் ஆறு கிறித்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்பது விகிதம். 1932ஆம் ஆண்டுக் குடிக்கணக்கே இதற்கு அடிப்படை. மக்கள்தொகை மாறியது, கணக்கு மாறவில்லை. பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் பற்றிய பூசலும் சேரவே, 1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது.

1976இல் தோல்வியின் விளிம்பில் நின்ற மரோனியரைக் காக்கச் சிரியப் படை வந்தது. 1978இல் அதே படை கிழக்குப் பெய்ரூத்தில் மரோனியர் வாழ்ந்த பகுதிகள்மீது குண்டு பொழிந்தது. காத்தவனே பகைவனானான்.

1982இல் இஸ்ரேல் படையெடுத்தது. பின்னர் அமைதி காக்க அமெரிக்க, பிரெஞ்சு, இத்தாலிய வீரர் வந்தனர். 1983 செப்டம்பரில் அமெரிக்கக் கப்பல்கள் அரசுப் படைக்குத் துணையாகச் சுட்டன, நடுவர் கட்சிக்காரராயினர். அக்டோபர் 23இல் வெடிகுண்டு வண்டிகள் தாக்கி 241 அமெரிக்கரும் 58 பிரெஞ்சு வீரரும் மாண்டனர். மறு ஆண்டே அப்படைகள் வெளியேறின.

1989இல் தாயிஃப் நகரில் லெபனான் உறுப்பினர்களே கூடிப் பாராளுமன்ற இடங்களைச் சரிபாதியாக்க இசைந்தனர். போர் 1990இல் ஓய்ந்தது. சிரியப் படை வெளியேறியதோ 2005இல்! பழைய கணக்கைக் காலத்தே திருத்தியிருந்தால், இருபத்தொன்பது ஆண்டு விருந்துக்கு இடமேது?